திவாலுக்குப் பின் ஒரு வீடு: மறதியின் கணிதம்

அமெரிக்காவில் கடன் சுமை தாங்காமல் திவால் மனு கொடுத்த ஒருவருக்கு, வழக்கு நல்லபடியாக முடிந்தால், நீதிமன்றத்திலிருந்து ஓர் ஆணை வரும். பழைய கடன்களுக்காக இனி யாரும் உங்களை நெருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுநாளே அவர் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அநேகமாக எந்த வங்கியும் தராது. இரண்டு ஆண்டு கழித்து அதே வேலை, அதே சம்பளத்தோடு போனால், அரசுக் காப்பீடு பெற்ற கடனுக்கான விண்ணப்பத்தை அதே வங்கி எடுத்து நீட்டும். நான்கு ஆண்டு கழித்தால் இன்னொரு கதவும் திறக்கும். பத்து ஆண்டு ஆனபின், அவர் திவாலானவர் என்ற தகவலே கடன் அறிக்கையில் இருக்காது.

நம் ஊரில் ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்றால் அதைத் தெரு மறக்க ஒரு தலைமுறை ஆகும். அவர் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும்போதுகூட அந்தப் பேச்சு எழும். அமெரிக்க ஏற்பாடோ மறதிக்குத் தேதி குறித்து வைத்திருக்கிறது. யார் குறித்தார்கள், எந்தக் கணக்கில் குறித்தார்கள் என்று தேடிப் போனால் பாதை எதிர்பாராத இடங்களுக்கெல்லாம் இழுத்துப் போகிறது: சிகாகோவில் 300 டாலர் கடனுக்காக நடந்த ஒரு வழக்கு, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஒரு வணிகர், கனடாவின் ஒரு மேய்ச்சல் நிலத்தில் பறித்த ஊதாப் பூக்கள்.

முதலில் சட்டம். தனிமனிதர்கள் திவாலாவதற்கு அங்கே முக்கியமாக இரண்டு வழிகள். சட்டப் புத்தகத்தின் அத்தியாய எண்ணையே பெயராக வைத்துப் பேசுகிறார்கள். சாப்டர் 7 என்றால், விற்கத்தக்க சொத்து இருந்தால் அதை நீதிமன்றப் பொறுப்பாளர் விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார். மிச்சக் கடன் பெரும்பாலும் அழிந்துவிடும். சில மாதங்களில் முடிகிற காரியம். சாப்டர் 13 என்றால், 3 முதல் 5 ஆண்டுகள் வரை நீதிமன்றம் ஒப்புக்கொண்ட திட்டப்படி மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். கட்டி முடித்தபின் மீதி அழியும். படிப்புக் கடன் லேசில் அழியாது. குழந்தைக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகையும், அண்மைக்கால வரி பாக்கியும் அழியாது. ஆனால் கிரெடிட் கார்டு, மருத்துவமனை பில், தனிநபர் கடன் ஆகியவை போய்விடும். மனு பதிவான கணத்திலிருந்தே வசூல் தொலைபேசிகளும் சம்பளப் பிடித்தமும் நின்றாக வேண்டும்.

இதற்குப் பின்னால் உள்ள தத்துவத்துக்கு உருவம் கொடுத்தது 1934 ஏப்ரலில் வந்த ஒரு தீர்ப்பு. லோக்கல் லோன் என்ற நிறுவனத்திடம் ஹண்ட் என்பவர் 300 டாலர் வாங்கியிருந்தார். ஈடு அவருடைய வருங்காலச் சம்பளம். அதை எழுதிக் கொடுத்தார். பிறகு திவாலாகி, கடனிலிருந்து விடுவிப்பும் பெற்றார். நிறுவனம் விடவில்லை. கடன்தானே அழிந்தது, சம்பளத்தின் மீது எங்களுக்குள்ள உரிமை அழியவில்லையே என்று சிகாகோ நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை ஏறியது. மனிதன் நாளை உழைத்துப் பெறப்போகும் கூலி நேற்றைய கடனுக்குச் சொத்தாகாது, நேர்மையாக நொடித்துப்போனவனுக்குப் புதிதாகத் தொடங்க இடம் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் தீர்த்துச் சொன்னார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் தேசிய வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியது. எஃப்.எச்.ஏ. என்ற கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் அதில்தான் பிறந்தது. அதற்கு முன் வீட்டுக் கடன் வாங்க வேண்டுமானால் விலையில் ஏறக்குறைய பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். சில ஆண்டுகளிலேயே மொத்த அசலையும் கட்டித் தீர்க்க வேண்டும். எஃப்.எச்.ஏ. ஒரு டாலர்கூடக் கடன் கொடுப்பதில்லை. கடன் கொடுக்கும் வங்கிக்குக் காப்பீடு கொடுக்கிறது. வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கியின் நட்டத்தை அது ஏற்கும். ஒரே ஆண்டில், சில வார இடைவெளியில், மனிதனைப் பழைய கடனிலிருந்து விடுவிக்கும் கொள்கையும் அவனுக்குப் புதிய கடனைத் துணிந்து கொடுக்கவைக்கும் இயந்திரமும் வந்து சேர்ந்தன. திட்டமிட்டு நடந்ததில்லை. ஆனால் திவாலான ஒருவர் இன்று முதல் வீடு வாங்குகிறார் என்றால் இந்த இரண்டின் தோளிலும் கால் வைத்துத்தான் ஏறுகிறார்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இயந்திரம் தொடக்கத்தில் எல்லோருக்குமானதாக இல்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஆபத்தானவை என்று குறித்து, பல பத்தாண்டுகள் எஃப்.எச்.ஏ. அங்கே காப்பீடு தர மறுத்தது. கடனை ஒழுங்காகக் கட்டக்கூடிய குடும்பங்கள் தெருவின் பெயரைக் கொண்டே தள்ளப்பட்டன. 1968இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்த பிறகே அது சட்டவிரோதமானது. ஒரு கணக்கு எதை நினைவில் வைக்கிறது, யாரைப் பற்றி நினைவில் வைக்கிறது என்பது ஒருபோதும் வெறும் கணிதக் கேள்வியாக இருந்ததில்லை.

இனி, நினைவு வைத்திருப்பவர்கள் கதை. கடன் பற்றிய தகவலைத் திரட்டி விற்கும் தொழிலை அமெரிக்காவில் பெரிய அளவில் தொடங்கியவர்களில் முக்கியமானவர் லூயிஸ் டாப்பன். அவரும் அவர் அண்ணன் ஆர்தரும் நியூயார்க்கில் பட்டு வணிகம் செய்தவர்கள். அடிமை முறையை ஒழிக்கப் பணத்தையும் உயிரையும் பணயம் வைத்தவர்கள். 1837இன் பெரும் நிதி நெருக்கடியில் அவர்கள் வணிகம் சாய்ந்தது. பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன். அதைச் சுமந்து கட்டி மீண்ட லூயிஸ், 1841இல் மெர்க்கண்டைல் ஏஜென்சி என்ற அமைப்பைத் தொடங்கினார். நாடெங்கும் இருந்த வழக்கறிஞர்கள், உள்ளூர்ப் பெரியவர்கள் ஆகியோர் தங்கள் ஊர் வணிகர்களைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். அப்படி எழுதியவர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஒருவர். இன்னார் குடிப்பார், இன்னார் மனைவி சிக்கனமானவர் என்பதுபோன்ற வரிகள் தடிமனான பேரேடுகளில் ஏறின. நொடித்துப்போய் எழுந்த ஒருவர் கையிலிருந்துதான் அந்த நாட்டின் கடன் நினைவுத் தொழில் வளர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தப் பேரேட்டு வம்பு எண்ணாக மாறியது எப்படி? இங்கேதான் பூக்கள் வருகின்றன. எட்கர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கனடாவின் காஸ்பே தீபகற்பத்துக்குப் போய் ஐரிஸ் பூக்களை அளந்தார். ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே நாளில், ஒரே கருவியால் இரண்டு இனங்களின் பூக்களை அளந்தது அவருடைய நுட்பம். வேறிடத்திலிருந்து மூன்றாவது இனமும் சேர, இனத்துக்கு 50 வீதம் 150 பூக்கள். ஒவ்வொன்றிலும் நான்கே அளவுகள்: புல்லிவட்ட இதழின் நீளம், அகலம், அல்லி இதழின் நீளம், அகலம். எந்த ஓர் அளவை மட்டும் பார்த்தாலும் மூன்று இனங்களும் முழுதாகப் பிரியாது. 1936இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் ஒரு வழி காட்டினார். நான்கு அளவுகளையும் தனித்தனி எடை கொடுத்துக் கூட்டு. இனங்களை மிகத் தெளிவாகப் பிரிக்கும் எடைகள் எவை என்று கணக்கிட்டுக் கண்டுபிடி. பிறகு ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ஓர் எண்தான் மிஞ்சும், அந்த எண்ணே இனத்தைச் சொல்லும். அதே ஆண்டில் இந்தியாவின் புள்ளியியலாளர் மகலனோபிஸ், பல அளவுகள் கொண்ட இரு கூட்டங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளக்கும் தம் சூத்திரத்தை வெளியிட்டார். இரண்டும் நெருங்கிய உறவுக் கணிதங்கள்.

1941இல் டேவிட் டியூராண்ட் என்ற பொருளியலாளர் பூக்களின் இடத்தில் கடனாளிகளை வைத்தார். அமெரிக்காவின் தேசியப் பொருளியல் ஆய்வகத்துக்காக, தவணைக் கடன் வாங்கிய ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளைத் திரட்டினார். ஒழுங்காகக் கட்டியவர்கள் ஓர் இனம், கட்டாதவர்கள் இன்னொரு இனம். வேலையில் எத்தனை ஆண்டு, வீட்டில் எத்தனை ஆண்டு, வங்கிக் கணக்கு உண்டா என்பவை இதழ்களின் அளவுகள். ஃபிஷரின் முறை இங்கேயும் பிரித்துக் காட்டியது. 1956இல் பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் ஏர்ல் ஐசக்கும் ஆளுக்கு 400 டாலர் போட்டுத் தொடங்கிய நிறுவனம் இதையே தொழிலாக்கியது. 1989இல் அந்த நிறுவனம் வெளியிட்ட பொது மதிப்பெண்தான் இன்று அமெரிக்கர் பெரும்பாலோரைப் பின்தொடரும் ஃபைகோ ஸ்கோர். 300க்கும் 850க்கும் இடையில் ஓர் எண். தவணைகளைத் தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு அதில் 35 விழுக்காடு எடை. கடன் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம் என்பது உள்ளிட்ட பாக்கிக்கு 30. வரலாற்றின் நீளத்துக்கு 15. புதுக் கடன்களுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10.

திவால் இந்த எண்ணை என்ன செய்யும்? ஃபைகோ நிறுவனம் முன்பு வெளியிட்ட மாதிரிக் கணக்கு ஒன்று உண்டு. 680 வைத்திருந்தவர் திவாலானால் 530க்கும் 550க்கும் நடுவில் வந்து விழுவார். 780 வைத்திருந்தவர் 540க்கும் 560க்கும் நடுவில் விழுவார். உயரத்தில் இருந்தவர் இருநூறுக்கு மேல் இழக்கிறார், தாழ்வில் இருந்தவர் அதைவிடக் குறைவாக இழக்கிறார், கடைசியில் இருவரும் ஏறக்குறைய ஒரே படியில் நிற்கிறார்கள். பல்லாண்டு ஒழுங்கெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். கணக்கின் கண்ணோட்டம் வேறு. திவால் என்ற ஒரு தகவல் அவ்வளவு கனமானது. அது தெரிந்தபின் மற்றத் தகவல்கள் புதிதாகச் சொல்வது மிகக் குறைவு.

எனக்கு இதில் மிகவும் பிடித்த நுட்பம் இனிமேல்தான் வருகிறது. ஃபைகோ எல்லோரையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை. மக்களைப் பல கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு மதிப்பெண் அட்டை வைத்திருக்கிறது. திவால் போன்ற பெரிய கறை உள்ளவர்களுக்குத் தனி அட்டைகள். அதாவது திவாலானவர் மீண்டெழும் காலத்தில், ஒருநாளும் தவணை தவறாத பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடப்படுவதில்லை. அவரைப்போலவே விழுந்தவர்களோடு ஒப்பிடப்படுகிறார். அந்தக் கூட்டத்துக்குள் எவர் அடுத்து நன்றாகக் கட்டுவார் என்பதே கேள்வி. பள்ளியில் பின்தங்கிய பிரிவில் முதல் மாணவனாக இருப்பவனைத் திடீரென்று முதல் பிரிவுக்கு மாற்றினால் என்ன ஆகும்? அங்கே அவன் கடைசி வரிசையில் நிற்க நேரலாம். திவால் பதிவு அறிக்கையிலிருந்து நீங்கும் நாளில் சிலருக்கு மதிப்பெண் எதிர்பார்த்த அளவு ஏறாமலிருப்பதும், சில நேரம் சற்று இறங்குவதும் இதனால்தான். கறை போனது, கூடவே கூட்டமும் மாறியது.

ஏன் காலம் கடந்தால் எண் ஏறுகிறது? நல்லெண்ணத்தால் அன்று. விபத்துக்குப்பின் அடுத்த விபத்து வரும் வாய்ப்பு, நாள் செல்லச் செல்லக் குறைகிறது என்பது நோய், கடன் போன்ற பலவற்றிலும் காணும் வடிவம். திவாலாகி ஆறு மாதமானவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவர் விழுந்தார் என்பது மட்டும். நான்கு ஆண்டு ஆகியும் ஒரு தவணைகூடத் தவறாதவரைப் பற்றி, விழுந்தார் என்பதோடு எழுந்து நடக்கிறார் என்பதும் தெரியும். அந்த நடையின் ஒவ்வொரு மாதமும் ஒரு புதிய அளவீடு. இன்னொரு விசித்திரமும் உண்டு. சாப்டர் 7 விடுவிப்புப் பெற்றவர், முந்தைய மனுவிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் மறுபடி அதே வழியில் விடுவிப்புப் பெற முடியாது. கார்டு நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். பழைய கடன் ஏதுமில்லை, தப்பிக்கும் வழியும் மூடியிருக்கிறது. அதனால் திவாலான கையோடு கடன் அழைப்புக் கடிதங்கள் வந்து குவிகின்றன என்பதைக் கேட்டி போர்ட்டர் என்ற சட்டப் பேராசிரியர் ஆராய்ந்து எழுதினார். பின்னாளில் இவர் கலிபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனவர். மீளும் வழியில் உள்ளவரை மறுபடி குழிக்குள் இழுக்கக்கூடிய கடிதங்கள் அவை. அதிக வட்டி, அதிகக் கட்டணம். அவற்றைக் கிழித்துப் போடுவதே பாதுகாப்பு.

எண் மெல்ல மறக்கிறது. சட்டம் ஒரே நாளில் மறக்கச் சொல்கிறது. 1970இல் வந்த நியாயக் கடன் அறிக்கைச் சட்டம், திவால் தகவலை 14 ஆண்டுகளுக்கு மேல் அறிக்கையில் வைக்கக் கூடாது என்றது. 1978இல் அதைப் பத்தாகக் குறைத்தார்கள். சாப்டர் 13 என்றால் ஏழு ஆண்டுகளிலேயே நீக்கிவிடுவது ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று அறிக்கை நிறுவனங்களின் வழக்கம். வீட்டுக் கடன் விண்ணப்பப் படிவம் கேட்பதும் கடந்த 7 ஆண்டுகளில் திவாலானீர்களா என்றுதான்.

உண்மையான ஒரு தகவலைச் சட்டம் போட்டு அழிப்பது சரியா? பொருளியலாளர்களுக்குள் இதில் சூடான விவாதம் உண்டு. டேவிட் மஸ்டோ 2004இல் வெளியிட்ட ஆய்வில், பத்தாம் ஆண்டு பதிவு நீங்கியதும் மதிப்பெண் தாவுவதையும், அந்தத் திவாலானவர்களுக்குக் கடன் தாராளமாகக் கிடைப்பதையும், பிறகு அவர்களில் பலர் மறுபடி தடுமாறுவதையும் காட்டினார். மறைத்த தகவலுக்கு விலை உண்டு என்பது அவர் வாதம். நேர்மையான வாதம்தான், அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

மறுபக்கத்தில் வில் டாபியும் ஜே சாங்கும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நிற்கிறது. இதை நான் பலமுறை வியந்து படித்திருக்கிறேன். திவாலால் நன்மை உண்டா என்று எப்படிச் சோதிப்பது? திவாலானவரையும் ஆகாதவரையும் ஒப்பிட்டால் ஆளே வேறு, நிலைமையே வேறு. ஆனால் பல நீதிமன்றங்களில் எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது குலுக்கல்போல முடிவாகிறது. சில நீதிபதிகள் சாப்டர் 13 மனுக்களை எளிதில் ஏற்பார்கள்; சிலர் எளிதில் தள்ளுபடி செய்வார்கள். ஆகவே ஒரே மாதிரியான இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் பாதுகாப்பு கிடைத்து மற்றதற்குக் கிடைக்காமல் போவது வெறும் தற்செயல். மருந்துச் சோதனையில் சீட்டுப் போட்டு ஆட்களைப் பிரிப்பதற்கு இணையான ஏற்பாட்டை நீதிமன்றமே அறியாமல் நடத்திக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் மனுக்களை வரிப் பதிவுகளோடும் வீடு ஏலப் பதிவுகளோடும் இணைத்துப் பார்த்தார்கள். பாதுகாப்பு கிடைத்தவர்களின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஐந்து ஆண்டுக்குள் வீட்டைப் பறிகொடுக்கும் வாய்ப்பு 19.1 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. ஐந்து ஆண்டுக்குள் இறக்கும் வாய்ப்பும் 1.2 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. ஒரு நீதிமன்ற ஆணை மனிதர்களை உயிரோடு வைத்திருந்திருக்கிறது. மஸ்டோ சொன்ன விலையையும் இதையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில், மறதிக்குத் தேதி குறித்தவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது.

சரி, ஆணை வாங்கியவர் வீடு வாங்குவது எப்படி நடக்கிறது? சாப்டர் 7 என்றால் எஃப்.எச்.ஏ. காப்பீட்டுக் கடனுக்கு விடுவிப்பு நாளிலிருந்து இரண்டு ஆண்டு. சம்பாதிப்பவரின் மரணம், கடும் நோய் போன்ற கைமீறிய காரணத்தால் வந்த திவால் என்று நிரூபித்தால் ஓராண்டு கடந்ததும் பரிசீலிப்பார்கள். மணமுறிவைப் பொதுவாக அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாப்டர் 13இல் இருப்பவர் திட்டம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. 12 மாதம் தவறாமல் கட்டியிருந்து, நீதிமன்றமும் எழுத்தில் அனுமதித்தால் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் வீட்டுக் கடன்களை விலைக்கு வாங்கும் ஃபேனி மே என்ற நிறுவனம் ஏற்கும் வகைக் கடன் என்றால் கெடு கூடும்: சாப்டர் 7க்கு நான்கு ஆண்டு, சாப்டர் 13 விடுவிப்புக்கு இரண்டு ஆண்டு. அதே சாப்டர் 13 விடுவிப்பில் முடியாமல் வழக்கே தள்ளுபடியாகியிருந்தால் நான்கு ஆண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் தேதியைத் தப்பாக எண்ணிக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பழைய ஆணையைப் பத்திரமாக வைத்திருப்பது அதனால்தான் முக்கியம்.

கெடு முடிவது கதவு திறப்பது மட்டுமே. உள்ளே போக எண் வேண்டும். எஃப்.எச்.ஏ. விதிப்படி மதிப்பெண் 580 இருந்தால் விலையில் 3.5 விழுக்காடு முன்பணம் போதும். 500க்கும் 579க்கும் நடுவில் என்றால் 10 விழுக்காடு. மூன்று நிறுவனங்களின் மூன்று எண்களில் நடு எண்ணை எடுத்துக்கொள்வார்கள். பல வங்கிகள் தங்கள் பங்குக்கு இதைவிட உயர்ந்த எண்ணும் கேட்பதுண்டு. எனவே அந்த இரண்டு ஆண்டுகளில் நடக்கும் சின்னச் சின்ன வேலைகள் பெரிதாகின்றன. வைப்புத் தொகை கட்டி வாங்கும் கார்டு ஒன்றை எடுத்து, அதில் வரம்பின் சிறு பகுதியை மட்டும் செலவழித்து, மாதாமாதம் முழுசாகக் கட்டி வருவார்கள். மூன்று அறிக்கைகளையும் வரவழைத்துப் பார்த்தால், அழிந்த கடன் ஒன்று இன்னும் பாக்கி என்றே காட்டிக்கொண்டிருப்பது தெரியவரும். திவாலில் அடங்கியது, பாக்கி பூஜ்யம் என்று அதைத் திருத்த வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் அழிந்த கடன் ஆவியாக வந்து நிற்கும். கூட்டரசுக் கடன் பாக்கி வைத்தவர்களுக்கென்று தனி அரசுத் தரவுத்தளமும் இருக்கிறது. முந்தைய வீட்டை எஃப்.எச்.ஏ. கடனிலேயே இழந்திருந்தால் அங்கேயும் பெயர் இருக்கலாம்.

பிறகு ஒரு கடிதம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விண்ணப்பதாரர் தம் சொந்த வார்த்தைகளில் எழுதித் தருவது. கணினி 'பரிந்துரை இல்லை' என்று சொன்ன விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் கையில் எடுத்துப் படிக்கும்போது, அந்தக் கடிதத்துக்கும் அதன் பின்னால் இணைத்த மருத்துவமனைத் தாள்களுக்கும் உண்மையான கனம் உண்டு. இத்தனை கணிதத்துக்கும் நடுவில் ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் துயரத்தைப் படிக்கும் இடம் இது ஒன்றுதான். அதைச் சடங்காக எண்ணி நான்கு வரியில் முடித்துவிடுவது பெரிய இழப்பு.

பொறுமைக்கு டாலர் கணக்கும் உண்டு. 3 லட்சம் டாலரை 30 ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 1,996 டாலர். 6 விழுக்காட்டில் சுமார் 1,799. மாதம் 197 டாலர்தானே என்று தோன்றும். 360 மாதத்தில் அது 71,000 டாலர். 7 விழுக்காட்டுக் கடனில் முதல் மாதத் தவணையில் 1,750 டாலர் வட்டிக்கே போகும், அசலில் கழிவது 246 மட்டும். அசலில் பாதி தீர ஏறக்குறைய 21 ஆண்டு 9 மாதம் ஆகும். இதோடு எஃப்.எச்.ஏ. காப்பீட்டுக்கு முதலிலேயே கடனில் 1.75 விழுக்காடு, அதாவது 5,250 டாலர். அதன் பிறகு ஆண்டுதோறும் இன்னொரு கட்டணம். பெரும்பாலான கடன்களுக்கு அது 2023 முதல் 0.55 விழுக்காடு. வங்கியின் பயத்துக்கான காப்பீட்டுக் கட்டணத்தை வீடு வாங்குபவரே கட்டுகிறார். கெடு முடிந்த அன்றே ஓடாமல், எண் இன்னும் சற்று ஏறட்டும் என்று இன்னும் ஓராண்டு சேமித்துக் காத்திருப்பது பலருக்கு லாபம். வாடகை வேகமாக ஏறும் ஊரில் இந்தக் கணக்கு தலைகீழாகவும் மாறலாம். இரண்டையும் தாளில் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

முதல் வீடு என்பதிலும் சட்டத்துக்கு ஒரு தாராளம் உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் சொந்த வீடு இல்லாதவர் யாராக இருந்தாலும் அவரை முதல்முறை வாங்குபவர் என்றே அரசுத் திட்டங்கள் பலவும் எண்ணுகின்றன. 2008இன் நிதி வீழ்ச்சியில் வீட்டைப் பறிகொடுத்துத் திவாலான குடும்பங்கள் சில ஆண்டுகளுக்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் மறுபடி முதல் வீடு தேடும் குடும்பங்களாயின. முன்பணம் 3 விழுக்காடு மட்டுமே போதும் என்ற திட்டங்களும் முன்பண உதவிகளும் அவர்களுக்குத் திறந்தன.

ஆனால் இந்த நினைவு இயந்திரத்தில் நெடுங்காலம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. திவாலானவர் அந்தக் காத்திருப்பு ஆண்டுகளில் மாதாமாதம் கட்டும் மிகப் பெரிய தொகை வாடகை. அதைத் தவறாமல் கட்டுவதுதான் வீட்டுத் தவணையைத் தவறாமல் கட்டுவார் என்பதற்கு மிக நெருங்கிய சான்று. ஆயினும் பெரும்பாலான வாடகை கடன் அறிக்கையில் ஏறுவதேயில்லை. ஒரு தவறைப் பத்து ஆண்டு நினைவு வைத்த ஏற்பாட்டுக்கு, நாற்பத்தெட்டு மாத ஒழுங்கு கண்ணில் படவில்லை. 2021 செப்டம்பரில் ஃபேனி மே தன் மென்பொருளை மாற்றியது. முதல்முறை வீடு வாங்குபவர் அனுமதி தந்தால், அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 12 மாத வாடகை போனதை அந்த மென்பொருள் தானே கண்டுபிடித்துச் சாதகமாகச் சேர்த்துக்கொள்ளும். விடுபட்ட மாதத்தைப் பாதகமாகச் சேர்க்காது. அடுத்த ஆண்டு எஃப்.எச்.ஏ.வும் முதல்முறை வாங்குபவர்களுக்கு வாடகை வரலாற்றைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது. இவ்வளவு எளிய காரியத்துக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டாம். இப்போது வந்திருப்பதால், விடுவிப்பு ஆணை பெற்றுக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் வாடகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், ஒரே வங்கிக் கணக்கிலிருந்து, ஒரே தேதியையொட்டி அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் ரொக்கம்தான் கேட்கிறார் என்றால் பணவிடைத்தாளாவது எடுத்துக் கொடுத்து, அடிக்கட்டையை ஆணையோடு சேர்த்து வைக்க வேண்டும்.